கெளுத்திக்கும் குளிரும்

"ஆயிரம் குஞ்சு, ஒரு கன்வாஸ் தொட்டி, நாலே மாதம், கை நிறையக் காசு." இப்படித் தொடங்கும் காணொளியைப் பார்க்காத மலேசியத் தமிழ்க் குடும்பம் இன்று அரிது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பாசாரில் 'கெலி' என்று விற்கும் கெளுத்தியை வளர்க்கும் ஆசை வேகமாகப் பரவியது. தாமான் வீட்டுக் கொல்லையிலும் கம்பத்து முற்றத்திலும் நீலத் தொட்டிகள் முளைத்தன. தேயிலைக் கூலியை நம்பியும் காய்கறித் தோட்டத்து நாள் சம்பளத்தை நம்பியும் குடும்பம் நடத்தும், பகாங் மாநிலக் கேமரன் மலையின் கோலா தெர்லாவில் அதே ஆசை எழுவதில் வியப்பில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத வீடுகள் அங்கே நிறைய. வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரு பக்க வருமானம் என்பது வயதான காலத்துக்கான ஏற்பாடு.

அப்படி யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "குளம் வெட்டுவதா, தொட்டி வைப்பதா? எதில் மீன் சீக்கிரம் வளரும், எதில் காசு அதிகம்?" என்பதைத்தான். ஈப்போவிலோ தெமர்லோவிலோ கேட்டால் நல்ல கேள்வி. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, இரவில் கம்பளி தேடும் ஊரில், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் எத்தனை டிகிரி? அதைக் கேட்காமல் குளத்தையும் தொட்டியையும் ஒப்பிடுகிறவர்கள் கீழ்நாட்டுக் கணக்கை மலைக்கு ஏற்றுகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்பனைக்காக என்றால் கோலா தெர்லாவில் கெளுத்திக்குக் குளமும் நஷ்டம், தொட்டியும் நஷ்டம். இரண்டில் குளம் ஆபத்தும்கூட.

இதைச் சொல்வது கெளுத்தி மோசமான மீன் என்பதற்காக அல்ல. ஏழைக்கு ஏற்ற மீன் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் அதைத்தான் காட்டுவேன். நாம் வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1980-களில் தாய்லாந்து வழியாக மலேசியாவுக்குள் வந்த இனம். செவுளுக்கு மேலே கிளை கிளையாக விரிந்த ஒரு தனி உறுப்பு அதற்கு உண்டு. அதைக் கொண்டு தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கிக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் சாகும் நெரிசலில் இது சாவகாசமாகத் தின்று கொழுக்கும். தீவனத்தைச் சதையாக மாற்றுவதிலும் கெட்டிக்கார மீன். நல்ல பெல்லட் தீவனம் போட்டால் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ எடை ஏறும். மாடும் ஆடும் பக்கத்தில் வர முடியாது.

பகாங்கிற்கும் கெளுத்திக் குடும்பத்துக்கும் உறவு புதிதல்ல. தெமர்லோ என்றாலே பாத்தின் மீன் என்பது நாடறிந்தது. பாத்தினும் செதிலற்ற, மீசை வைத்த உறவுக்காரன்தான். தெர்லா ஆறு தெலோமில் கலந்து, தெலோம் ஜெலாயில் சேர்ந்து, ஜெலாய் தெம்பிலிங்கோடு கூடிப் பகாங் ஆறாகித் தெமர்லோ வழியே கடலுக்குப் போகிறது. தெலோம் நீரில் ஒரு பங்கை 1960-களில் மின்திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் குடைந்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள் என்றாலும், மிச்சம் ஓடுவது அந்த வழிதான். ஒரே ஆற்றின் நீர் மேலே கை விறைக்கிற அளவு குளிர்ந்தும், கீழே கூண்டுகளில் பாத்தினைக் கொழுக்க வைக்கிற அளவு சூடேறியும் இருக்கிறது. இடையில் மாறியது உயரம் ஒன்றே.

கீழே குளமும் தொட்டியும்

ஒப்பீட்டைச் சமவெளியில் வைத்துப் பார்ப்போம். ஆயிரம் குஞ்சு விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மண் குளத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து மீன் என்று விட்டால் 200 சதுர மீட்டர் குளம் தேவை. ஏறக்குறைய இரண்டரை பூப்பந்துத் திடல். அதே ஆயிரம் குஞ்சைப் பன்னிரண்டடி விட்டமும் மூன்றடித் தண்ணீரும் உள்ள ஒரு கன்வாஸ் தொட்டியில் அடக்கிவிடலாம். அதில் பத்தாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் பிடிக்கும். இடம் இல்லாதவனுக்குத் தொட்டி என்பது அதனால்தான்.

வளர்ச்சியில் குளம் முந்தும். காரணம் மண். குளத்து அடிமண்ணில் புழு இருக்கிறது, நீரில் நுண்ணுயிர் இருக்கிறது, மழை நாளில் பூச்சியும் விழுகிறது. நாம் போடும் தீவனத்துக்கு மேலே மீன் தானாகத் தேடித் தின்னும் தீனி இது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாசியும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் தின்று கரைத்துவிடுகின்றன. பரந்து கிடக்கும் நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால் மீனுக்கு அதிர்ச்சி குறைவு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை உலகிலேயே மிக அதிகமாக வளர்க்கும் நைஜீரியாவில் சிமெண்டுத் தொட்டிக்காரர்களும் மண் குளத்துக்காரர்களும் பல காலமாக இதே வாதத்தை நடத்திவருகிறார்கள். எடையில் குளத்துக்காரர் ஜெயிப்பதே வழக்கம்.

ஆனால் குளத்தில் எத்தனை மீன் உயிரோடு இருக்கிறது என்பது அறுவடை நாள்வரை தெரியாது. உடும்பும் நீர்நாயும் கொக்கும் தம் பங்கை எடுத்துக்கொண்டு போகும். பெருமழையில் கரை வழிந்தால் மீன் ஊரைப் பார்க்கப் போய்விடும். இதைவிடப் பெரிய திருட்டு மீன்களுக்குள்ளேயே நடப்பது. கெளுத்தி தன் இனத்தைத் தின்னும். வேகமாக வளர்ந்த குஞ்சு மெதுவாக வளர்ந்ததை விழுங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளி, பெரியது சிறியது பிரித்து விட்டால்தான் எண்ணிக்கை நிற்கும். தொட்டியில் இது அரை நாள் வேலை. குளத்தில் வலை இழுக்க ஆள் வேண்டும், அப்போதும் பாதி மீன் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். சேற்று வாடை வேறு. குளத்து மீனைச் சுத்த நீரில் சில நாள் பட்டினி போட்டு வைக்காமல் விற்றால் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

தொட்டிக்காரர் மீனைக் கண்ணால் பார்க்கிறார், எண்ணுகிறார், கேட்டபோது பிடித்துக் கொடுக்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலை, எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்பது. தீனி முழுக்க மூட்டையிலிருந்து வர வேண்டும். கழிவை அவரே வெளியேற்ற வேண்டும். மீன் பெருக்கப் பெருக்க, தினமும் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ நீரை மாற்றியாக வேண்டும். இரண்டு நாள் சோம்பல்பட்டால் மூன்றாம் நாள் காலையில் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீன் அம்மோனியாவுக்கு முன்னால் மற்ற மீனைப் போலத்தான்.

காசுக் கணக்கு போடுவோம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இவற்றைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்று கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். குஞ்சு ஒன்று 20 சென், ஆயிரத்துக்கு 200 வெள்ளி. நூற்றுக்கு எண்பது பிழைத்து, ஐந்து மீன் ஒரு கிலோ என்ற அளவுக்கு வந்தால் 160 கிலோ. தொட்டியில் கிலோவுக்கு 1.2 கிலோ தீவனம் என்றால் 192 கிலோ. இருபது கிலோ மூட்டை 80 வெள்ளி என்றால் தீவனச் செலவு 768 வெள்ளி. குஞ்சும் தீவனமும் சேர்ந்து 968. மொத்த வியாபாரி கிலோவுக்கு 6 வெள்ளி கொடுத்தால் வருவது 960. எட்டு வெள்ளி நஷ்டம்! நீங்களே வீடு வீடாக 8 வெள்ளிக்கு விற்றால் 1,280 வரும், 312 மிஞ்சும். குளத்தில் இயற்கைத் தீனியின் உதவியால் கிலோவுக்கு ஒரு கிலோ தீவனம் போதும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் செலவு 840. மொத்த விலையில் 120 மிஞ்சும், சில்லறை விலையில் 440.

நான்கு மாத உழைப்புக்கு, தொட்டி விலையும் பம்பு விலையும் மின்கட்டணமும் கழிக்காமல் 312 வெள்ளி. மாதம் 78. காணொளிகள் இந்த வரியில்தான் நழுவுகின்றன. அவை காட்டுவது விற்ற தொகை, மிஞ்சிய தொகை அல்ல. இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. குளமா தொட்டியா என்பதால் வரும் வித்தியாசம் 128 வெள்ளி. தௌக்கேயிடம் மொத்தமாகப் போட்டீர்களா, நீங்களே விற்றீர்களா என்பதால் வருவது 320 வெள்ளி. லாபத்தை மீன் வளரும் இடத்தைவிட மீன் விற்கும் இடமே அதிகம் தீர்மானிக்கிறது.

மலையேறினால்

இனி இதே தொட்டியைக் கோலா தெர்லாவுக்குக் கொண்டுபோவோம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி நன்றாக வளர 28 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு விவசாய நிறுவனம். எட்டு டிகிரியிலும் அது உயிரோடு இருக்கும், ஆனால் இருக்கும், அவ்வளவே. கேமரன் மலையின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரி. பகலில் 22, 23 தொட்டாலும் இரவில் 15 பக்கம் இறங்கும். ஆண்டில் பாதிக்கு மேல் மேகமும் மழையும். நிழலில் இருக்கும் நீர் காற்றின் சராசரியை ஒட்டியே நிற்கும். வெயில் படும் தொட்டி பகலில் சற்று ஏறி, இரவில் மொத்தத்தையும் இழக்கும்.

மீன் குளிர்ந்த இரத்தப் பிராணி. நீரின் வெப்பமே அதன் உடம்பின் வெப்பம். பத்து டிகிரி குறைந்தால் உடலின் உள்வேலைகள் சுமார் பாதியாகக் குறையும் என்பது உயிரியலில் பொதுவான கணக்கு. வளர்ச்சி அதைவிடவும் விழும், ஏனென்றால் தின்பதில் முதல் பங்கு உயிர் பிழைத்திருப்பதற்கே போய்விடுகிறது. கீழே நாலு மாதத்தில் ஐந்துக்கு ஒரு கிலோ வருகிற மீன், மேலே எட்டு மாதம் ஆனாலும் விரல் தடிமனில் நிற்கக்கூடும். மூட்டைக் கணக்குப்படி காலையில் வீசிய தீவனத்தை அது தொடாது. அடியில் தங்கி அழுகும். அழுகலைக் கரைக்க வேண்டிய நுண்ணுயிர்களும் குளிரில் மந்தமாகிவிடும். பிறகு வரும் நோய்களும் குளிர்கால நோய்கள்தாம். பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சை படரும். உடம்பெல்லாம் வெண்புள்ளி போடும். மருந்து வாங்கப் போகிறவர் தண்ணீரின் மேல் சந்தேகப்படுவதில்லை, குஞ்சு விற்றவன் மேல்தான் சந்தேகப்படுகிறார்.

தண்ணீரைச் சூடாக்கலாமே என்பீர்கள். அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் தினம் 3,000 லிட்டர் மாற்றுகிறோம். ஓடையிலிருந்து 19 டிகிரியில் வரும் நீரை 27-க்கு ஏற்ற வேண்டும். எட்டு டிகிரி ஏற்ற, இழப்பு எதுவும் இல்லை என்று வைத்தாலும், 28 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 40 சென் என்றால் நாளுக்கு 11 வெள்ளி 20 சென். 120 நாளுக்கு 1,344 வெள்ளி. மொத்த மீனையும் சில்லறையில் விற்றால் வரும் 1,280-ஐவிட இது அதிகம். முதல் மாதம் மீன் சிறிது, நீர் மாற்றுவது குறைவு என்று பாதியாக வெட்டினாலும் 672. இரவுக் காற்றில் தொட்டியின் மேற்பரப்பு இழக்கும் சூட்டை இன்னும் சேர்க்கவே இல்லை.

நெதர்லாந்தில் பனிக்காலத்திலும் இதே கெளுத்தியை வளர்க்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. வளர்க்கிறார்கள். சூடு வெளியேறாத மூடிய கூடத்துக்குள், அதே நீரை வடிகட்டி வடிகட்டித் திரும்பச் செலுத்தி, ஒரு கன மீட்டர் நீரில் நூற்றுக்கணக்கான கிலோ மீனை நெருக்கி வளர்க்கிறார்கள். சூடேற்றிய நீரை அவர்கள் வெளியே விடுவதே அரிது. அது தொழிற்சாலை. லயத்துக் கொல்லையில் நிற்கும் நீலத் தொட்டிக்கு அதை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

நெகிழிக் கூரைக்குள் வைத்தால்? கேமரன் மலை முழுக்கக் காய்கறிக்காகப் போட்ட நெகிழிக் கூடாரங்கள்தான். அதற்குள் கறுப்புத் தொட்டி வைத்து, இரவில் மூடி போட்டால் சில டிகிரி கிடைக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கு நூறு மீன் வளர்ப்பவருக்கு அது போதும், நான் தடுக்க மாட்டேன். வியாபாரத்துக்கு அது போதாது. மேலும் அந்தக் கூரைக்கடியில் தக்காளியும் குடைமிளகாயும் அதே இடத்தில் எவ்வளவு தரும் என்பதைக் கேமரன் மலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரிவில் குளம்

குளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது காசோடு நிற்கும் விஷயமல்ல.

2014 நவம்பரில் கேமரன் மலையின் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் சேறும் வெள்ளமுமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு அதே பள்ளத்தாக்கு மூழ்கியது. மேலே வெட்டித் திறந்த மலைகளின் மண் நீர்த்தேக்கத்தில் படிந்து படிந்து அதன் கொள்ளளவைத் தின்றதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. 2024 ஜனவரி 26 விடியற்காலையில், கோலா தெர்லாவுக்கு அருகே கம்போங் ராஜாவின் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் புதையுண்டார்கள்.

இப்படிப்பட்ட சரிவில் 200 சதுர மீட்டர் குளம் வெட்டி, நாலடி நீர் தேக்கினால், இருநூறு டன்னுக்கு மேல் எடையை மலையின் தோளில் ஏற்றுகிறோம். அடியில் கசியும் நீர் மண்ணை ஊறவைக்கிறது. கீழே யாருடைய வீடு இருக்கிறது என்பதைக் குளம் வெட்டுகிறவர் பார்க்காமல் இருக்கலாம், மண் பார்க்காது. சமதரை என்று கிடைக்கும் துண்டுகளோ பெரும்பாலும் ஆற்றோரம். அங்கே வெள்ளம் வந்தால் மீன் ஆற்றோடு போகும்.

போனால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் இதே ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அந்தத் தடையைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொன்னது. தமிழ்நாட்டிலும் அதிகாரிகள் குட்டைகளைத் தேடிப்பிடித்து மீனை அழிக்கிறார்கள். தப்பிப்போன கெளுத்தி சொந்த மண்ணின் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்பது காரணம். மலேசியாவில் அப்படித் தடை இல்லை. ஆனால் தெலோமிலும் அதன் கிளையாறுகளிலும் மீன் பிடித்து உண்ணும் செமாய் பூர்வகுடி மக்கள் நமக்குக் கீழே இருக்கிறார்கள். லாபம் தரும் அளவுக்கு வளரவிடாத அந்தக் குளிர், தப்பிப்போன மீனைக் கொல்லும் அளவுக்குக் குளிரும் இல்லை. நமக்கு நஷ்டம், ஆற்றுக்கும் நஷ்டம்.

நில உரிமை இன்னொரு முடிச்சு. கேமரன் மலை விவசாயிகள் பலர் பல காலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில்தான் பயிரிட்டுவந்தார்கள். 2019-இல் கோலா தெர்லாவிலேயே சுங்கை இச்சாட் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கிறோம் என்று சொல்லிக் காய்கறித் தோட்டங்களை மாநில அரசு அகற்றியது. தலைமுறைகளாக அங்கே பயிரிட்டுவந்ததாகச் சொன்னவர்களின் கூடாரங்கள் இயந்திரங்களால் பிரிக்கப்பட்டன. அந்த நடவடிக்கையில் சிறு விவசாயிகளுக்கு உரிய மாற்றிடம் முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதிலிருந்து மீன் வளர்க்க நினைப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி தெளிவானது. இங்கே நீர் அரசின் கண்காணிப்பில் இருக்கும் பொருள். தொட்டியிலிருந்து தினம் வெளியேறும் 3,000 லிட்டர் கழிவு நீர் எந்தச் சாக்கடை வழியாக எந்த ஆற்றுக்குப் போகிறது, அதற்குக் கீழே குடிநீர் எடுக்கிறார்களா என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். நான்கு மாதத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் வரை. அண்டை வீட்டார் நான்கு பேர் சேர்ந்து தொடங்கினால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும் நீரும் சுத்தமல்ல. ஓடைக்கு மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் அதில் அடித்த மருந்து மழையோடு இறங்கும். முட்டைக்கோசுப் புழுவுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். குழாய் நீரில் குளோரின். அதை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் மீனுக்கு விட வேண்டும். தோட்டங்களுக்கு மேலேயிருந்து வரும் ஊற்று நீர் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அது எல்லாவற்றையும்விடக் குளிர்ந்த நீர்!

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கெளுத்திக்கு மரியாதை குறைவு. செதில் இல்லாத மீன் என்று ஒதுக்குவோர் உண்டு. வாங்குவோரில் பெரும்பங்கு மலாய்க்காரர்களும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவரும். கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே நல்ல வாடிக்கையாளராக முடியும் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் சமவெளியிலிருந்து கம்போங் ராஜா சாலை வழியே லோரியில் உயிரோடு ஏறிவரும் மீனோடு விலையில் போட்டி போட வேண்டும். போட்டியில் தோற்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்பது தெரியும். தீவனத்தைக் குறைத்துக் கோழிக்குடலைப் போடுவார். மலேசியாவில் கெளுத்தி மேல் இருக்கும் அருவருப்புக்கும் ஹலால் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இதுபோன்ற குறுக்குவழிதான். அதிலும் சிறிய ஊரில் ஒருவர் செய்தது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்படியானால் கோலா தெர்லாக்காரர் மீனை மறந்துவிட வேண்டுமா? தேயிலை மலைகளுக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து டிரவுட் மீனைப் பழக்கினார்கள். 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டையை ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். டிரவுட்டைப் பழக்கியது தூண்டில் பொழுதுபோக்குக்காக, தோட்டத் தொழிலாளியின் வயிற்றுக்காக அல்ல. ஆனாலும் ஒரு விஷயத்தில் சரியாகச் செய்தார்கள். தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தார்கள், மீனைப் பார்த்துத் தண்ணீரைத் தேடவில்லை. கேமரன் மலையின் நீர் டிரவுட்டுக்கு வெதுவெதுப்பு, கெளுத்திக்குக் குளிர். நடுவில் நிற்பவை கெண்டை வகைகள். புல்கெண்டை இலை தின்னும் மீன். சீன உணவகங்களில், குறிப்பாகக் கேமரன் மலையின் பெயர்பெற்ற ஸ்டீம்போட் கடைகளில், அதன் துண்டுகளுக்குக் கேட்பு உண்டு. மருந்தடிக்காத இலைக்கழிவு கையில் இருப்பவர் சிறு அளவில் பார்க்கலாம். மெதுவாக வளரும், இடமும் வேண்டும், பெரிய பணம் இல்லை. ஆனால் குளிரில் பட்டினி கிடக்காது.

கெளுத்திதான் வேண்டும், வியாபாரமாகத்தான் வேண்டும் என்பவர் மலையிறங்க வேண்டும். சிம்பாங் பூலாய் வழியே கீழே போனால் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் மீன் வளர்ப்பு பல காலமாக நடக்கிறது. மேலே உள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து கீழே ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து, வளர்ந்த மீனை மேலே தாங்களே சில்லறையில் விற்றால், குளத்தின் தீவனச் சிக்கனமும் சில்லறை விலையும் ஒன்றாகக் கிடைக்கும். நான் மேலே போட்ட கணக்கில் நன்றாகத் தேறியது அந்தச் சேர்க்கை மட்டுமே. குத்தகையும் லோரி வாடகையும் போகும் என்பதால் ஆயிரம் குஞ்சுக்குக் கட்டுப்படியாகாது, அளவு பெரிதாக வேண்டும். தனி ஒருவரால் முடியாது, கூட்டுறவால் முடியும். தோட்டத்து மக்கள் கூட்டுறவு என்பதை இந்த நாட்டில் முன்னமே செய்துகாட்டியவர்கள்தாம்.

அரசுத் துறையிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஜெலெபுவில் கிளாமி லெமியில் மீன்வளத் துறைக்கு நன்னீர் மீன் ஆய்வு மையம் உண்டு. அங்கே கிடைக்கும் வளர்ச்சிக் கணக்கு கிளாமி லெமியின் வெப்பத்துக்கானது. 1,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்கென்று ஒரு சிறு சோதனை, ஒரே ஓராண்டு, ஒரு தொட்டியும் ஒரு குட்டையும் வைத்து, மாதம் தவறாமல் எடையும் வெப்பமும் எழுதி, மலாயிலும் தமிழிலும் வெளியிட்டால் போதும். இந்தியர் மேம்பாட்டுக்கென ஒதுக்கும் பணத்தில் மலைநாட்டுக் குடும்பங்களுக்குத் தொட்டியும் குஞ்சும் வாங்கித்தர யாராவது திட்டம் போட்டால், அந்தச் சோதனையின் முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள் என்று ஊர்த் தலைவர்கள் சொல்ல வேண்டும். இலவசத் தொட்டியும் நஷ்டம் தரும், தீவனத்தை வாங்குவது குடும்பம்தானே.

அதுவரை, கோலா தெர்லாவில் தொட்டி விலை விசாரித்துக்கொண்டிருப்பவர் ஒரு காரியம் செய்யுங்கள். பத்திருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியை வாங்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் நீரை ஒரு வாளியில் அல்ல, ஒரு பழைய டிரம் நிறையப் பிடித்து வையுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பார்த்து எழுதுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு மணி அளவு 24 டிகிரிக்குக் கீழே நின்றால், விற்பனைக்கென்று ஒரு கெளுத்திக் குஞ்சுகூட வாங்காதீர்கள்.